உம்மம்மாவின் அறைக்கு ஏசி பூட்டியபோது

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் காலை பத்து மணிக்கே தெரு வெறிச்சோடிவிடும். மழையை மலைநாட்டின் மறுபக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு எங்கள் பக்கம் இறங்கிவரும் காற்று அது. வயல்வெளியைக் கடந்து வீட்டுக்குள் நுழையும்போது அடுப்பு வாயிலிருந்து வருவது போலிருக்கும். மின்விசிறியைப் போட்டால் அந்தச் சூட்டைத்தான் சுழற்றி நம் முகத்தில் அடிக்கும்.

சென்ற வருடக் கச்சான் காலத்தில் என் உம்மம்மா படுக்கையில் இருந்தார். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் வழங்காமல் போய் ஐந்து மாதங்கள். தானாகப் புரண்டு படுக்க முடியாது. வியர்வையில் முதுகு நனைந்து தோல் சிவக்கத் தொடங்கியதும், படுக்கைப் புண் வந்துவிடும், அறையைக் குளிர்ச்சியாக வைத்திருங்கள் என்று வைத்தியர் சொன்னார். வாப்பா சீட்டுப் பணத்தை எடுத்தார். கட்டாரில் பதினொரு வருடம் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்திருந்த மாமா, "கடையால ஆக்கள் வேணாம் மச்சான், ம்மாட அறைக்கு நானே பூட்டுறன்" என்றார். நான் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிப்பவள் என்பதால் ஏணி பிடிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. இரண்டு மணித்தியாலத்தில் முடியும் என்று நினைத்த வேலை மூன்று நாள் எடுத்தது. ஏன் எடுத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டிதான் குளிரை "உண்டாக்குகிறது" என்று நானும் நம்பியிருந்தேன். மாமா மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருப்பது மூன்றே மூன்று முக்கியமான பொருட்கள்: மெல்லிய அலுமினியத் தகடுகள் கோத்த செப்புக் குழாய்ச் சுருள், அதன் பின்னால் நீண்ட உருளை வடிவ விசிறி, அடியில் ஒரு தண்ணீர்த் தட்டு. விசிறி அறையின் வளியை இழுத்துக் குளிர்ந்த சுருளின் ஊடாகத் தள்ளுகிறது. சுருளுக்குள் ஓடும் குளிரூட்டித் திரவம் ஆவியாகும்போது அதற்குத் தேவையான மறைவெப்பத்தை அந்த வளியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. எடுத்த வெப்பத்தை வெளியே உள்ள பெட்டி முற்றத்தில் கொட்டுகிறது. ஆகவே இங்கே குளிர் என்று ஒன்று தயாரிக்கப்படவில்லை. வெப்பம் வீடு மாறுகிறது, அவ்வளவுதான்.

மாமாவின் பேச்சில் இதற்குப் பெயர் "ஃபேன் கொயில்". கட்டாரின் உயர்ந்த கட்டடங்களில் ஒவ்வோர் அறைக்கும் வெளிப் பெட்டி வைக்க இயலாது. கீழே பெரிய இயந்திரங்கள் தண்ணீரை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் குளிராக்கி மேலே அனுப்பும். ஒவ்வோர் அறையின் சீலிங்குக்குள்ளும் ஒரு சுருளும் ஒரு விசிறியும் இருக்கும். அந்தத் தண்ணீர் ஏறத்தாழ 12 பாகையாகச் சூடேறிக் கீழே திரும்பும். குளிர் நாடுகளில் இதே சுருளுக்குள் சுடுநீரை விட்டால் அறை சூடாகும். நுவரெலியாவில் இரவுக் குளிருக்குப் பயன்படுகின்ற வெப்பம் தரும் ஏசி வகைகளிலோ குளிரூட்டி ஓடும் திசையை ஒரு வால்வு திருப்பிவிடும். அப்போது வெளியிலிருந்து வெப்பம் அறைக்குள் வரும். எங்கள் ஊருக்கு அந்த வசதி வீண் செலவு.

இன்னொரு தகவல், சஞ்சிகை ஒன்றில் எழுதுவதால் சொல்லத் தோன்றுகிறது. இன்றைய குளிரூட்டிகளின் முன்னோடி மனிதருக்காக அமைக்கப்பட்டதல்ல, கடதாசிக்காக அமைக்கப்பட்டது. 1902 இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், ஈரப்பதன் கூடிக் குறையும்போது கடதாசி விரிந்து சுருங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் நிறங்கள் விலகிப் போயின. அதைத் தீர்க்கத்தான் வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளர் குளிர்ந்த சுருள்களின் மேல் வளியைச் செலுத்தி ஈரத்தைப் பிரித்தெடுத்தார். அறை குளிர்ந்தது கூடவே கிடைத்த இலாபம்.

கடையில் எங்களுக்கு 18,000 பி.டி.யு. பெட்டியை எடுக்கச் சொன்னார்கள். பெரிது நல்லது என்று வாப்பாவும் தலையாட்டினார். உம்மம்மாவின் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. மாமா 9,000 போதும் என்று பிடிவாதமாக நின்றார். அளவுக்கு மீறிய பெட்டி ஐந்து நிமிடத்தில் அறையைக் குளிராக்கிவிட்டு ஓய்ந்துவிடும். ஈரத்தை எடுக்க அதற்கு நேரமிருக்காது. அறை குளிராகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். நோயாளிக்கு அது இரட்டைத் தொல்லை. (12,000 பி.டி.யுவை ஒரு "டன்" என்பார்கள். ஒரு டன் பனிக்கட்டி இருபத்துநான்கு மணித்தியாலத்தில் உருகும்போது மணிக்கு எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த அளவு அது. பனிக்கட்டி விற்ற காலத்தின் கணக்கு இன்னும் நம் சுவரில் தொங்குகிறது.)

இடம் தெரிவு செய்வதில் முதல் வாக்குவாதம். கட்டிலுக்கு நேர் மேலே வைத்தால் நல்ல காற்று வரும் என்றார் உம்மா. மாமா மறுத்தார். உள்பெட்டி ஏறத்தாழ எட்டுக் கிலோ. என்றாவது சுவர் விட்டுக்கொடுத்தாலோ, தட்டு நிரம்பித் தண்ணீர் சொட்டினாலோ, எழுந்து விலக முடியாத ஒருவரின் முகத்தில்தான் விழும். நேர்க் குளிர்காற்றும் அவருக்கு ஆகாது. ஆகவே கால்மாட்டுக்குப் பக்கச் சுவர் முடிவாயிற்று. தரையிலிருந்து ஏறத்தாழ ஏழரை அடி உயரம், சீலிங்குக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. மேல்பக்கத்தால்தான் வளி உள்ளே போகிறது. அழகுக்காகச் சீலிங்கோடு ஒட்டி வைத்தால் பெட்டி மூச்சுத் திணறும்.

அறையில் சுவர் துளைக்கும் முன் சுவருக்குள் வயர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். சுவிட்சுகளுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்கவே கூடாது. மாமா மெயின் சுவிட்சை நிறுத்தி, ஒரு சுவிட்ச் பலகையைக் கழற்றி, வயர் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்தார். அப்போதுதான் அவரது முகம் மாறியது.

"மகள், உங்கட வீட்டுல பிரிஜ்ஜத் தொட்டா கரண்ட் ஜிர்ரெண்டு இழுக்குமா?"

இழுக்கும். இரண்டு வருடமாக இழுக்கும். ஈரக் காலோடு தொட்டால் விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல ஓர் உணர்வு. அதற்காகவே உம்மா குசினியில் ஒரு சோடி செருப்பு வைத்திருந்தார். எங்களுக்கு அது வீட்டின் ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

மாமா மெயினைத் திரும்பப் போட்டு மீற்றரால் அளந்தார். உயிர்க்கம்பிக்கும் நொதுமற்கம்பிக்கும் இடையே 230 வோல்ற்றுக்குக் கிட்டக் காட்டியது. அது சரி. உயிர்க்கம்பிக்கும் புவிக்கம்பிக்கும் இடையேயும் கிட்டத்தட்ட அவ்வளவே காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் முள் எங்கும் நிற்காமல் நடுவழியில் ஆடிக்கொண்டிருந்தது. பிளக்கில் மூன்றாவது கம்பி இருந்தது. ஆனால் அது எங்கும் போய்ச் சேரவில்லை. வெளியே போய்த் தேடியபோது, மதில் கட்டிய காலத்தில் முற்றத்தைத் தோண்டியவர்கள் புவிக்கம்பியை அறுத்துவிட்டு மண்ணைப் போட்டு மூடியிருந்தது தெரிந்தது.

வாப்பா ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினார். டக்கென்று விழுந்தது. "பாருங்க, ட்ரிப் வேல செய்யிது. பிறகென்ன? ரெண்டு நாளைக்கு ம்மாவ இந்தச் சூட்டுல போடச் சொல்றீங்களா?"

இந்தக் கேள்விக்கு மாமா சொன்ன விளக்கத்தை நான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் வாப்பா மட்டுமல்ல, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வீட்டு மின்பலகையில் இரண்டு வகைக் காவலர்கள் இருக்கிறார்கள். ஒன்று சிறு சுற்றுடைப்பான். மின்னோட்டம் 16 அம்பியர், 20 அம்பியர் என்று அதன் எல்லையைத் தாண்டினால் விழும். அது காப்பது வயரை. வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். மனிதனைக் கொல்ல அதில் ஒரு சிறு பங்கு மின்னோட்டமே போதும் என்பதால், மனிதன் மாட்டிக்கொண்டால் அது எட்டியும் பார்க்காது. இரண்டாவதுதான் நாம் ட்ரிப் சுவிட்ச் என்று சொல்வது. உயிர்க்கம்பியால் போன மின்னோட்டம் முழுவதும் நொதுமற்கம்பியால் திரும்பி வந்ததா என்று அது ஒவ்வொரு கணமும் கணக்குப் பார்க்கும். 30 மில்லி அம்பியர் குறைந்தாலே, அதாவது ஒரு 60 வாற்று மின்குமிழ் இழுப்பதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு வேறு வழியால் ஒழுகினாலே, விழுந்துவிடும்.

இப்போது ஏசிக்குள் ஒரு வயரின் உறை உரிந்து உலோகச் சுருளில் முட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். புவிக்கம்பி இருந்தால் மின்னோட்டம் அதனூடாக அந்தக் கணமே மண்ணுக்கு ஓடும். ட்ரிப் விழும். அந்த நேரம் பெட்டியை எவரும் தொட்டிருக்கத் தேவையில்லை. புவிக்கம்பி இல்லாவிட்டால்? ஒழுகுவதற்கு வழியில்லை. ட்ரிப் பேசாமல் இருக்கும். சுருள், செப்புக் குழாய், வெளிப் பெட்டியின் தகரம் எல்லாம் உயிரோடு காத்திருக்கும். முதலில் தொடும் ஆள்தான் அந்த வழி. அவர் உடம்பால் ஓடிய பிறகுதான் ட்ரிப் விழும். நல்ல தேகசுகமுள்ளவர் உதறிக்கொண்டு தப்பலாம். ஏணியில் நிற்பவர் விழுந்துவிடலாம். உம்மம்மா போன்றவரின் இதயம் எந்த அளவைத் தாங்கும் என்று யாரும் சோதித்துப் பார்க்கப் போவதில்லை.

சோதனைப் பொத்தானோ, சுவிட்சுக்கு உள்ளேயே ஒரு சிறு ஒழுக்கைச் செயற்கையாக உண்டாக்கி அதன் பொறி வேலை செய்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. புவிக்கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது விழும். "அது தன்னத்தானே பாத்துக்கிறது மச்சான். எர்த் இரிக்கா இல்லையா எண்டு அதுக்குத் தெரியா."

வாப்பா பதில் சொல்லவில்லை. மாமா பெட்டியைத் திரும்ப அட்டைக்குள் வைத்தார். உம்மா அழுதுவிட்டார். அன்றும் மறுநாளும் ஈரத் துணியும் பனையோலை விசிறியும்தான். இரவில் நானும் தாத்தாவும் முறை வைத்து விசிறினோம். உம்மம்மாவுக்கு நிலைமை விளங்கியதா தெரியாது. "ஏன் மகன் அந்தப் பெட்டிய எடுத்துட்டுப் போற?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். ஏணி பிடித்த எனக்கு மாமாவின் மேல் அந்த இரண்டு இரவும் கோபம்தான் இருந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மெயின் பலகை வேலையை மாமா தொடவில்லை. தன் வேலை ஏசி, இது வேறு ஆளின் வேலை என்று, என்.வி.கியு. சான்றிதழ் உள்ள ஒரு வயரிங்காரரைக் கூட்டி வந்தார். எங்கள் ஊர் கடற்கரை மணல். காய்ந்த மணல் மின்னைக் கடத்தாது. ஆகவே கிணற்றடியில், எப்போதும் ஈரம் நிற்கும் இடத்தில், செம்பு பூசிய புதிய கோலை முழுவதுமாக அடித்து இறக்கினார். ஏசிக்கென்று பலகையிலிருந்து தனி வயர், தனிச் சுற்றுடைப்பான், வெளிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தனிச் சுவிட்ச். பிளக்கில் பலகைக்கட்டை போட்டு பிரிஜ்ஜோடு சேர்த்துச் செருகுவது ஆகவே ஆகாது. மீண்டும் அளந்தபோது மீற்றர் உயிருக்கும் நொதுமலுக்கும் காட்டியதையே உயிருக்கும் புவிக்கும் காட்டியது.

மூன்றாம் நாள் பூட்டும் வேலை வேகமாக நடந்தது. சுவரில் முதலில் ஒரு தகரச் சட்டம். ஸ்பிரிட் லெவல் வைத்து மட்டம் பார்த்து, ரோல் பிளக் அடித்து, அதன்மேல் மாமா தன் முழுப் பாரத்தோடு தொங்கிப் பார்த்தார். குழாய் போகும் துளை வெளிப்பக்கம் அரை விரல்கடை தாழ்வாக இருக்க வேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் உள்ளே வராது, வடிநீர் வெளியே போகும். வடிகுழாய் முழு நீளத்திலும் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரு வளைவு மேலே எழும்பினாலும் தண்ணீர் தேங்கி அறைக்குள் திரும்பும். வாளித் தண்ணீருக்குள் குழாயின் நுனியை அமிழ்த்தி வைப்பதும் பிழை. மூடியைப் போடும் முன் ஒரு போத்தல் தண்ணீரைத் தட்டில் ஊற்றி, வெளியே வருகிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். கச்சான் காலத்துக் காய்ந்த வளியில் வடியும் தண்ணீர் குறைவு. வாடைக்காற்றும் மழையும் வரும் மார்கழியில்தான் பெட்டி தண்ணீராகக் கொட்டும். அதனால் ஜூலையில் விட்ட பிழை டிசம்பரில்தான் சுவரில் தெரியும், அதற்குள் பூட்டியவரின் தொலைபேசி இலக்கமே மாறியிருக்கும் என்று மாமா சிரித்தார்.

குழாய் மூட்டுகளில் அவர் சிரிக்கவில்லை. இப்போது வரும் பெட்டிகளில் பெரும்பாலும் ஆர்-32 என்ற குளிரூட்டி இருக்கிறது. ஓசோன் படையைத் தின்ற பழைய வாயுக்களை விலக்கும் மொன்றியல் உடன்படிக்கை 1987 இல் வந்தது. அதன் தொடர்ச்சியில் ஆர்-22 ஒதுங்கி, ஓசோனுக்குத் தீங்கில்லாத இவை வந்தன. ஆனால் ஆர்-32 மெதுவாகவேனும் தீப்பற்றக்கூடியது. வளியைவிடப் பாரமானது. ஒழுகினால் மேலே எழாது, தரையோடு தங்கும். மூடிய அறையில் தாழக் கட்டிலில் கிடப்பவர் இருக்கும் உயரம் அதுதான். இதனால் இரண்டு சாவிகளைப் பிடித்து, ஒன்றால் அசையாமல் தாங்கி மற்றதால் முறுக்கினார். ஒற்றைச் சாவியால் முறுக்கினால் மெல்லிய குழாய் திருகிக்கொள்ளும். பிறகு நைதரசன் நிரப்பி, மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்து, அமுக்கமானியின் முள் அசைகிறதா என்று அரை மணித்தியாலம் காத்திருந்தோம். நைதரசன் உருளை கிடைக்காவிட்டால் சிலர் ஒட்சிசனை விடுவார்களாம். கம்பிரசரின் எண்ணெயும் அமுக்கத்திலுள்ள ஒட்சிசனும் சேர்ந்தால் வெடிக்கும். அதை ஒருபோதும் செய்யக்கூடாது.

கடைசியாக வெற்றிடப் பம்பு இருபது நிமிடம் ஓடியது. குழாயில் மிஞ்சும் வளியும் ஈரமும் வெளியேறாவிட்டால் ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே இயந்திரத்தை அரித்துவிடும். நேரம் மிச்சம் பிடிப்பவர்கள் பம்பே இல்லாமல் கொஞ்சம் வாயுவைத் திறந்துவிட்டு வளியைத் தள்ளிவிட்டேன் என்பார்கள். பூட்ட வருபவரிடம் பம்பு இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டாலே அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

இந்த நேரம் பார்த்து, அன்று வியாழன் பின்னேரம் என்பதால், உம்மா சாம்பிராணிச் சட்டியோடு அறைக்குள் வந்தார். "ராத்தா, நெருப்பக் கொண்டு வெளிய போங்க!" என்று மாமா போட்ட சத்தத்தில் உம்மம்மாவே கண் விழித்துவிட்டார். வாயு திறந்து, மூட்டுகளை மீண்டும் நுரை பூசிப் பார்த்து முடியும்வரை சாம்பிராணி முற்றத்தில் புகைந்துகொண்டிருந்தது.

பொழுதுபட்ட பிறகு 26 பாகையில் ஓடவிட்டோம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வடிகட்டி வலையைக் கழுவும் பொறுப்பு என்னுடையது. சுற்றுடைப்பானை நிறுத்திவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன். அலுமினியத் தகடுகள் சவர அலகு போல வெட்டும் என்பதால் அதில் கை வைப்பதில்லை. வெளிப் பெட்டியின் மூடியை நான் திறப்பதே இல்லை. மின்னை நிறுத்திய பிறகும் அதன் கொள்ளளவிகளில் ஏற்றம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். மின்வெட்டு வந்தால் சுவிட்சை நிறுத்தி வைத்து, மின் வந்து சற்று நிலைத்த பிறகே போடுகிறோம். மாதம் பிறந்தால் வாப்பா ட்ரிப்பின் பொத்தானை அழுத்துகிறார். அழுத்திவிட்டு, கிணற்றடிக்குப் போய்க் கோலில் பூட்டிய கம்பி துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வருகிறார்.

உம்மம்மாவின் முதுகுச் சிவப்பு இரண்டு கிழமையில் மங்கியது. டிசம்பர் மழையில் வடிகுழாய் நாளுக்கு ஒரு வாளி தண்ணீரை முருங்கை மரத்தடியில் கொட்டியது. சுவரில் ஒரு துளி இல்லை. பிரிஜ்ஜும் இப்போது இழுப்பதில்லை. ஆனாலும் உம்மா அதைத் திறக்கப் போகும்போது அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் போகிறார்.